ஸ்பென்சருக்கு மின்சார நாற்காலி, வாஸ்குவெஸுக்கு ஐந்தாண்டுச் சிறை

டி.என்.ஏ. சான்றை முதன்மையாகக் கொண்டு தண்டிக்கப்பட்டு, அமெரிக்காவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட முதல் மனிதன் டிமோத்தி வில்சன் ஸ்பென்சர். வர்ஜீனியா மாநிலத்தின் கிரீன்ஸ்வில் சிறைச்சாலையில் 1994 ஏப்ரல் 27 அன்று இரவு அவன் மின்சார நாற்காலியில் அமர்த்தப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 32. தடய அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் செய்தியை ஒரு வெற்றியாகப் பதிவுசெய்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. ஏனெனில், ஸ்பென்சரின் கைவரிசை என்று காவல்துறையே பின்னாளில் ஏற்றுக்கொண்ட ஒரு கொலைக்காக, டேவிட் வாஸ்குவெஸ் என்ற நிரபராதி ஐந்து ஆண்டுகள் சிறையில் கிடந்தார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் படிக்காதவரை அந்த வழக்கைப் படித்ததாகவே சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

1987 செப்டம்பரில் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் கொலைகள் தொடங்கின. செப்டம்பர் 19 அன்று, தனியாக வசித்துவந்த 35 வயதுப் பெண் ஒருவர் தம் வீட்டில் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். இரண்டு வாரங்கள் கழித்து, அந்த இடத்துக்கு வெகு அருகிலேயே, நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 32 வயது மருத்துவர் கொல்லப்பட்டார். நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பிய கணவர்தான் உடலைக் கண்டார். நவம்பர் 22 அன்று, நகரை அடுத்த செஸ்டர்ஃபீல்டு மாவட்டத்தில், பெற்றோர் அதே வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோதே 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி அவளது அறையில் கொல்லப்பட்டாள். இறந்தவர்களின் பெயர்கள் எல்லா ஆவணங்களிலும் இருக்கின்றன. ஆனாலும் அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. கொலைகாரனின் பெயரோடு சேர்த்துத்தான் நினைவுகூரப்பட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கக் கூடாது.

மூன்று இடங்களிலும் கொலைகாரன் ஜன்னல் வழியாக நுழைந்திருந்தான். கைகளைக் கட்டி, கயிற்றையோ கையில் கிடைத்த வேறு பொருளையோ கொண்டு கழுத்தை இறுக்கியிருந்தான். கைரேகை எதையும் விட்டுச்செல்லவில்லை. பத்திரிகைகள் அவனுக்கு 'சவுத்சைட் ஸ்ட்ராங்லர்' (தென்பகுதியின் கழுத்து நெரிப்பவன்) என்று பெயரிட்டன. ரிச்மண்டின் தென்பகுதியில் பெண்கள் ஜன்னல்களுக்கு ஆணி அடித்துக்கொண்டு உறங்காமல் விழித்திருந்த மாதங்கள் அவை.

அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடக்கே, தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள ஆர்லிங்டனில், டிசம்பர் 1 அன்று நான்காவது உடல் கண்டெடுக்கப்பட்டது. அரசுப் பணியில் இருந்த 44 வயதுப் பெண்மணி. கணவர் வெளிநாடு சென்றிருந்தார். நவம்பர் இறுதியில் நன்றி நவிலல் நாளை ஒட்டிய விடுமுறையில் அவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. அந்த வீட்டைப் பார்வையிட்ட துப்பறிவாளர் ஜோ ஹோர்கஸுக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறொரு வீடு. அதே குடியிருப்புப் பகுதியில், 1984 ஜனவரியில், 32 வயது வழக்கறிஞர் ஒருவர் அவ்விதமே கைகள் கட்டப்பட்டுக் கழுத்தில் கயிற்றோடு இறந்துகிடந்தார். ஆனால் அந்த வழக்கு முடிந்துபோனது. குற்றவாளி என்று ஒருவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார்.

அந்த ஒருவர்தான் வாஸ்குவெஸ். துப்புரவுப் பணியும் உணவகத்தில் எடுபிடி வேலையும் பார்த்துவந்தவர். அறிவுத்திறன் சராசரிக்கு வெகு கீழே இருந்தவர். கொலை நடந்த காலத்தில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மனாஸஸ் நகரில் தம் தாயோடு வசித்துவந்தார். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. கொலையான வீட்டின் அருகே அவரைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் இருவர் சொன்னதே சந்தேகத்தின் தொடக்கம். அவரை அழைத்துச்சென்ற காவலர்கள், அவருடைய கைரேகை அந்த வீட்டில் கிடைத்துவிட்டதாகப் பொய் சொன்னார்கள். அப்படிப் பொய் சொல்வது அமெரிக்கச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டதன்று.

அந்த விசாரணையின் ஒலிப்பதிவு எழுத்தாக வெளிவந்திருக்கிறது. படிப்பதற்கு மனத்திடம் வேண்டும். கைகளை எதனால் கட்டினாய் என்று கேட்கிறார்கள். கயிறா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இல்லை என்கிறார்கள். என் இடுப்பு வாராக இருக்குமோ என்கிறார். அதுவும் இல்லை. துணி காயப்போடும் கொடியா என்கிறார். அது போன்ற ஒன்றுதான், ஜன்னலை நினைத்துப்பார் என்று வழிகாட்டி, கடைசியில் ஜன்னல் மறைப்பின் கயிறு என்பதைக் காவலர்களே சொல்லிவிடுகிறார்கள். எப்படிக் கொன்றாய் என்ற கேள்விக்குக் கத்தியால் குத்தியதாகச் சொல்கிறார். இல்லை, நீ தூக்கில் தொங்கவிட்டாய் என்று அவர்கள் சத்தம் போட்ட பிறகு, சரி, தொங்கவிட்டேன் என்கிறார். கொலை நடந்த விதத்தைப் பற்றி ஒரு செய்தியையாவது அவர் தாமாகச் சரியாகச் சொன்னதாக அந்தப் பதிவில் நான் காணவில்லை. கேள்வி கேட்டவர்களிடமிருந்து அவருக்குப் போன விடைகள், அவர் வாயிலிருந்து திரும்பி வந்தபோது ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டன. பிறகு, தாம் கண்ட ஒரு கொடுங்கனவு என்று அவர் விவரித்ததும் வாக்குமூலத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

சம்பவ இடத்தில் கிடைத்த விந்துக் கறையின் இரத்தப் பிரிவு வாஸ்குவெஸுடன் பொருந்தவில்லை. இதை அரசுத் தரப்பு அறிந்திருந்தது. அப்படியானால் உடன் வேறொருவனும் இருந்திருப்பான் என்ற கருத்தை வைத்துக்கொண்டு வழக்கை நடத்தினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே கிடைத்த முடிகள் அவருடைய முடியை ஒத்திருந்தன என்ற அறிக்கையும் இருந்தது. அந்த வகை ஒப்பீடு எவ்வளவு நம்பகமற்றது என்பது பல ஆண்டுகள் கழித்தே உலகுக்குத் தெரிந்தது. வழக்கு விசாரணைக்குப் போனால் மரண தண்டனை கிடைக்கக்கூடும் என்ற நிலையில், குற்றத்தைத் தாம் செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே, தம்மைத் தண்டிக்கப் போதிய சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சட்ட வழியை அவருடைய வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1985-இல் அவருக்கு 35 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இப்போது ஹோர்கஸுக்கு வருகிறேன். இந்த வழக்கில் நான் மிக மதிக்கும் வேலை அவருடையது. ஆய்வகத்தின் வேலையைவிடவும் அதற்கே முதலிடம் தருவேன். வாஸ்குவெஸ் சிறையில் இருக்கும்போதே அதே விதமான கொலை அதே பகுதியில் நடந்திருக்கிறது. ஒன்று, வாஸ்குவெஸின் கற்பனைக் கூட்டாளி திரும்பி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாஸ்குவெஸுக்கு இதில் தொடர்பே இல்லை. ஹோர்கஸ் பழைய கோப்புகளை மறுபடியும் எடுத்தார். 1983-இல் தொடங்கி ஆர்லிங்டனில் முகமூடி அணிந்த ஒரு கறுப்பின இளைஞன் ஜன்னல் வழியாக வீடு புகுந்து பெண்களைத் தாக்கிய புகார்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. 1984 ஜனவரிக்குப் பிறகு அவை அடியோடு நின்றுபோயின. 1987 இலையுதிர்காலத்தில், அதே முறை ரிச்மண்டில் தலைதூக்கியது.

இடையில் அவன் எங்கே போயிருப்பான்? சிறைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது ஹோர்கஸின் கணிப்பு. ஆகவே 1984 தொடக்கத்தில் வடக்கு வர்ஜீனியாவில் கைதாகி, 1987-இல் ரிச்மண்டில் விடப்பட்டவன் யார் என்று தேடினார். ரிச்மண்ட் காவலர்களோ, குற்றத்தின் தன்மையை வைத்துக் குற்றவாளியை ஊகிக்கும் உளவியல் வரைவின்படி கொலைகாரன் வெள்ளையனாகவே இருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஹோர்கஸின் கருத்தை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. பெயர்ப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஹோர்கஸுக்கு, தாம் பல ஆண்டுகளுக்கு முன் விசாரித்த ஒரு சிறுவனின் நினைவு வந்தது. டிம்மி என்ற அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடியபோது ஸ்பென்சர் கிடைத்தான். வீடு புகுந்து திருடிய குற்றத்துக்காக 1984 ஜனவரி இறுதியில் கைதாகியிருந்தான். 1987 செப்டம்பர் தொடக்கத்தில், தண்டனையின் கடைசிக் கட்டத்தில் கைதிகளைத் தங்கவைக்கும் ரிச்மண்ட் விடுதி ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தான். முதல் இரண்டு கொலைகளும் அந்த விடுதியிலிருந்து நடந்துபோகக்கூடிய தொலைவில் நடந்தவை. உள்ளே வருவதும் வெளியே போவதும் அங்கே பதிவேட்டில் எழுதப்படும். கொலை நடந்த வேளைகளில் அவன் வெளியே இருந்திருக்கக்கூடும் என்பதை அந்தப் பதிவேடே காட்டியது. நவம்பர் இறுதி விடுமுறைக்கு, ஆர்லிங்டனில் இருக்கும் தாயைப் பார்க்க அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது.

1988 ஜனவரி 20 அன்று அவனைக் கைதுசெய்தார்கள். அவனுடைய மேலங்கியில், ஆர்லிங்டன் வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடியை ஒத்த துகள்கள் கிடைத்தன. அவனுடைய இரத்தத்தின் பிரிவு, விந்துக் கறையில் கண்ட பிரிவோடு பொருந்தியது. ஆனால் மக்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு அதே பிரிவு இருக்கக்கூடும். அந்த அளவுச் சான்றை வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்ல எந்த ஜூரிக்கும் மனம் வராது. அதனால் இரத்த மாதிரியும் கறைகளும் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லைஃப்கோட்ஸ் என்ற தனியார் ஆய்வகத்துக்குப் போயின.

டி.என்.ஏ. மூலம் ஒருவரை அடையாளம் காணலாம் என்பதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தது 1984 செப்டம்பரில்; வாஸ்குவெஸ் அப்போது கைதாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த முறை கொலை விசாரணையில் முதன்முதலாகப் பயன்பட்டபோது அது செய்த முதல் காரியமே, பொய்யாக ஒப்புக்கொண்ட 17 வயது இளைஞன் ஒருவனை 1986-இல் விடுவித்ததுதான். அதன் பிறகே உண்மைக் குற்றவாளி காலின் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான். தொடக்கத்திலிருந்தே டி.என்.ஏ. பொய் வாக்குமூலங்களை அம்பலப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அதைக் குற்றவாளியைப் பிடிக்கும் கருவியாக மட்டுமே பேசுவது எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய முறையோடு ஒப்பிட்டால் 1988-இன் வேலை மிகக் கடினமானது. கறையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதியைக் கொண்டு துண்டாக்குவார்கள். அந்தத் துண்டுகளைக் கூழ்போன்ற ஒரு தகட்டின் ஓரத்தில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறியவை விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து, நீளத்துக்கு ஏற்ப வரிசையாகப் பிரிந்து நிற்கும். அவற்றை மெல்லிய சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கம் ஏற்றிய ஆய்வுத் துணுக்குகளை ஒட்டவைத்து, எக்ஸ்-ரே படலத்தின் மேல் நாள்கணக்கில் வைத்திருந்தால் கருங்கோடுகள் தோன்றும். கறையின் கோடுகளையும் சந்தேக நபரின் இரத்தத்தின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இதற்குக் கணிசமான அளவு கறை தேவைப்பட்டது. பழையதாகிச் சிதைந்த மாதிரி பயன்படாது. முடிவு வரப் பல வாரங்கள் ஆயின.

கோடுகள் பொருந்தின. அந்த அமைப்பு வட அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தற்செயலாக மற்றொருவரிடம் காணப்பட 13.5 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்று நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்லப்பட்டது. 1988 ஜூலையில் ஆர்லிங்டன் ஜூரி அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. தொடர்ந்து ரிச்மண்ட், செஸ்டர்ஃபீல்டு வழக்குகளிலும் அவ்வாறே முடிவாகி, நான்கு கொலைகளுக்கும் தனித்தனியே மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1989-இலும் 1990-இலும் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் டி.என்.ஏ. சான்றை ஏற்றுத் தீர்ப்புகளை உறுதிசெய்தது.

ஸ்பென்சர்தான் கொலைகாரன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தச் சான்று நீதிமன்றத்தை வந்தடைந்த விதத்தைப் பற்றி மௌனமாக இருப்பது நேர்மையாகாது. ஆய்வகத்தின் வேலைக் குறிப்புகளைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று அவனுடைய தரப்பு கேட்டது, அது மறுக்கப்பட்டது. அதே 1989-இல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த காஸ்ட்ரோ வழக்கில், லைஃப்கோட்ஸ் ஆய்வகத்தின் பொருத்த முடிவை இருதரப்பு அறிவியலாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து, அது ஏற்கத்தக்கதாக இல்லை என்று கூறினார்கள். அந்தப் பொருத்தத்தை நீதிபதி சான்றாக ஏற்க மறுத்தார். டி.என்.ஏ. சான்றைப் பற்றி அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுவின் விரிவான பரிந்துரைகள் 1992-இலும் 1996-இலும்தான் வெளிவந்தன. ஒரு மனிதனின் உயிரைத் தீர்மானிக்கும் சோதனையின் கச்சாக் குறிப்புகளை அவனுடைய வழக்கறிஞர் பார்க்க முடியாது என்பது, அவன் எவ்வளவு கொடியவனாக இருந்தாலும் சரி, தவறானது. அறிவியல் தன் சோதனையை மற்றவர் சரிபார்க்க அனுமதிப்பதால்தான் நம்பத்தக்கதாகிறது.

வாஸ்குவெஸின் விடுதலையோ இன்னும் கடினமாக இருந்தது. 1984-ஆம் ஆண்டு வழக்கின் மாதிரிகளில் பயன்படத்தக்க டி.என்.ஏ. எஞ்சியிருக்கவில்லை. அவருடைய குற்றமின்மையை எக்ஸ்-ரே படலத்தில் காட்ட வழியே இல்லை. அப்போதும் ஹோர்கஸ் விடவில்லை. பழைய வீடு புகுந்த குற்றங்கள், தாக்குதல்கள், ஐந்து கொலைகள் ஆகிய அனைத்தையும் எஃப்.பி.ஐ.யின் நடத்தை ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பினார். அவை ஒருவனே செய்தவை என்று அந்தப் பிரிவு அறிக்கை தந்தது. தம் அலுவலகம் வாங்கித் தந்த தண்டனையை ரத்துசெய்து வாஸ்குவெஸுக்கு மன்னிப்பு வழங்குமாறு ஆர்லிங்டன் அரசு வழக்கறிஞர் ஹெலன் ஃபேஹியே ஆளுநரைக் கேட்டுக்கொண்டார். இது எளிதில் நடக்கிற காரியமன்று. 1989 ஜனவரி 4 அன்று வாஸ்குவெஸ் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றம் அவருக்கு 1,17,000 டாலர் இழப்பீடு வழங்கியது. பல நூல்களில் அவர் டி.என்.ஏ.வால் விடுதலையானவர் என்ற வரிசையில் முதலில் நிறுத்தப்படுகிறார். அது பாதிதான் உண்மை. டி.என்.ஏ. ஸ்பென்சரை அடையாளம் காட்டியது. அவனிடமிருந்து வாஸ்குவெஸ் வரை இருந்த தொலைவை ஒரு துப்பறிவாளரின் பிடிவாதமே கடந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், கொலைகாரன் தண்டிக்கப்பட்ட பின்பும் அவர் 35 ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்திருப்பார்.

இதே வர்ஜீனியாவில் ஏர்ல் வாஷிங்டன் என்ற மற்றொருவரும் இருந்தார். அறிவு வளர்ச்சி குன்றியவர். கேட்டதற்கெல்லாம் ஆம் என்று சொல்லி, செய்யாத கொலைக்கு 1984-இல் மரண தண்டனை பெற்றவர். 1985-இல் தண்டனை நிறைவேற ஒன்பது நாட்களே இருந்தபோது அது நிறுத்தப்பட்டது. 1993-இல் டி.என்.ஏ. சோதனை அவருக்குச் சாதகமாக வந்தது. அப்போதும் 1994 ஜனவரியில் ஆளுநர் செய்தது, மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது மட்டுமே. ஸ்பென்சருக்கு எதிரான டி.என்.ஏ.வை முழுமையாக நம்பி, அதற்கு மூன்று மாதங்கள் கழித்து அவனைக் கொன்ற அதே மாநிலம், வாஷிங்டனுக்குச் சாதகமான டி.என்.ஏ.வை முழுமையாக நம்ப 2000-ஆம் ஆண்டு வரை எடுத்துக்கொண்டது. இதை எழுதும்போது எனக்கு ஏற்படும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

வர்ஜீனியா 2021 மார்ச் 24 அன்று மரண தண்டனையை ஒழித்தது. தென் மாநிலங்களில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுவே. ஸ்பென்சர் கொல்லப்பட்ட கிரீன்ஸ்வில் சிறையில்தான் ஆளுநர் ரால்ஃப் நார்தம் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1976-க்குப் பிறகு மட்டும் அந்த மாநிலத்தில் 113 பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது.

ஸ்பென்சர் தன் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே இறந்தான். 1984 ஜனவரியில் கொல்லப்பட்ட வழக்கறிஞரின் வழக்கில் அவன் மீது குற்றம் சாட்டப்படவே இல்லை. வேறு நான்கு மரண தண்டனைகள் இருந்ததால் அதற்குத் தேவை இல்லையென்று கருதிவிட்டார்கள். வாஸ்குவெஸ் மன்னிக்கப்பட்டு வெளியேறிய பிறகு, அந்தப் பெண்ணின் கொலைக்கு நீதிமன்றத்தில் பதில் சொன்னவர் எவரும் இல்லை. அந்த விசாரணையை நடத்திவிட்டு, வாஸ்குவெஸிடமிருந்து வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது என்பதையும் சாட்சிக்கூண்டில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். 1989-க்கும் 1994-க்கும் இடையில் அதற்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன.